கதவில் நின்ற பழத்தட்டு

அத்தியாயம் பதினான்கு

"இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்று ஞாயிற்றுக்கிழமை மாலை சரியாக நான்கு மணிக்கு, இவ்வீட்டின் பின்தோட்டத்தில் நடைபெறவுள்ள கோடைகால ஒன்றுகூடலை முன்னிட்டு, எழுபத்தெட்டு சென்டிமீட்டர் விட்டமும், ஆறு வட்டங்களும், நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகளும் கொண்ட பழத்தட்டு ஒன்று பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அதுவரை குடும்ப உறுப்பினர் எவரும் திராட்சையைத் தொடலாகாது."

மனிதகுல முன்னேற்றத்தில் முக்கியமான இந்த அறிக்கை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. கீழே கையெழுத்து, தேதி, நேரம். பொதுமக்கள் என்பது தெருவிலிருந்த பதினோரு வீட்டுக்காரர்கள். குடும்ப உறுப்பினர் என்பது அக்காவும் மகளும்.

அக்கா அறிக்கையை முழுவதும் படித்தாள். படித்துக்கொண்டே நான்கு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டாள்.

அறிக்கை விட்டவர் அவள் கணவர் சர்வேயர். முப்பத்திரண்டு வருடம் நிலம் அளந்துவிட்டு ஒன்றரை வருடம் முன்பு ஓய்வு பெற்றவர். அதில் உண்மையான ஓய்வு கிடைத்தது அலுவலகத்துக்குத்தான் என்பது அங்கே அவரோடு வேலை பார்த்தவர்களின் கருத்து. வீட்டில் அதற்குப் பிறகு துணி காயப்போடும் கயிற்றுக்குக்கூட வரைபடம் வந்துவிட்டது.

அக்கா அவருக்கு மனைவி என்றாலும் தெருவுக்கே அக்கா. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்ற ஒரே வாக்கியத்தைப் பன்னிரண்டு விதமான குரலில் சொல்லத் தெரிந்தவள். கன்னம் வீங்கி வருகிற முரடர்களே அந்தக் குரலுக்கு அடங்கிப் பத்திரிகை புரட்டுவார்கள். வீட்டில் மட்டும் அந்த வித்தை எழுபத்தொரு நாளாகப் பலிக்கவில்லை.

எழுபத்தொரு நாளைக்கு முன்பு நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறந்தவர்களுக்கு நடைவழியில் அந்த அலமாரியே சாட்சியாக நிற்கிறது. சுவரில் நூற்றிருபது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம். அதில் பொருத்த ஓர் அலமாரி. செய்தவன் அக்காவின் தம்பி, மரவேலைக்காரன். "அளவெடுக்க நீ வர வேண்டாம். அது என் தொழில்" என்று சர்வேயர் சொல்லி, வரைந்து கொடுத்த தாளின்படி அவன் செய்தான். அலமாரி வந்தது. பள்ளத்துக்குள் போக மறுத்தது. நான்கு சென்டிமீட்டர் அதிகம்.

இறக்க வந்தவர்கள், எதிர்வீட்டுக்காரர், பால்காரர் எல்லோர் முன்னாலும் சர்வேயர் சொன்னார்: "ஊரையே அளந்தவன் நான். உனக்கு நாலு சென்டிமீட்டர் அளக்கத் தெரியல."

தம்பி அளவு நாடாவைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டான். "இனி உங்க வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன், சார்" என்றான். இருபத்தாறு வருடமாக அத்தான் என்று அழைத்த வாய். அந்த 'சார்' அக்காவின் காதில் இன்னும் குடைந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அலமாரி நடைவழியை அடைத்து நிற்கிறது. வீட்டிலுள்ளவர்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கப் பழகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் சமையலறையில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, இரண்டு முறை காபி கேட்கிற தம்பி மட்டும் வரவில்லை.

*

காலை ஒன்பது மணிக்குத் தம்பியின் அழைப்பு வந்தது.

"அக்கா, தெருக்காரங்க கூப்பிட்டாங்க, அதனால வர்றேன். பின்பக்க கேட் வழியா வந்து, தோட்டத்துல நின்னு, அப்படியே போயிடுவேன்."

"வீட்டுக்குள்ள ஒரு வாய் தண்ணி?"

"தண்ணி நானே கொண்டு வந்துடுவேன்."

"கொண்டு வா. உங்க வீட்டுத் தண்ணி ரொம்ப இனிப்பு பாரு."

அவன் சிரிப்பை அடக்கியது அக்காவுக்குக் கேட்டது. அது போதும் என்று ஃபோனை வைத்தாள். இன்றைக்கு எப்படியாவது அவன் ஒரு காலையாவது உள்ளே வைக்க வேண்டும். இன்றைக்கு இல்லையென்றால் இது வருடக்கணக்கில் இறுகிவிடும். எப்படி இறுகும் என்று அவளுக்குத் தெரியும். 'அடுத்த வாரம் வர்றேன்' என்று தள்ளிப்போட்டவர்களின் பற்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

சமையலறையில் சர்வேயர் பணியைத் தொடங்கியிருந்தார். பழைய சாப்பாட்டு மேசையின் வட்டக் கண்ணாடிதான் தட்டு. கழுவித் துடைத்து மேசை மேல் வைத்திருந்தார். அதன் அடியில் வரைபடம் தெரிந்தது. வெளிவட்டம் தர்பூசணி, அடுத்து பப்பாளி, பிறகு அன்னாசி, கிவி, கருந்திராட்சை, நடுவில் ஸ்ட்ராபெரி. ஒவ்வொரு துண்டுக்கும் எண் இருந்தது.

"ஆப்பிள் இல்லையாப்பா?" என்றாள் மகள். வங்கியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் கைப்பையைக் கையோடு வைத்துக்கொண்டு, கிளம்பத் தயாராக இருப்பவள் மாதிரியே திரிவாள்.

"ஆப்பிள் வெட்டின பத்தாவது நிமிஷம் நிறம் மாறுற ஆசாமி. நம்ப முடியாது."

"வாழைப்பழம்?"

"அது அதைவிட மோசம்."

அன்னாசியின் கண்களைச் சுற்றிச் சுற்றிச் சீவியது மகள். கிவியைக் கரண்டியால் தோலிலிருந்து வழித்தெடுத்தது அக்கா. தர்பூசணி மட்டும் சர்வேயரின் நேரடிப் பொறுப்பு. வெந்நீரில் போட்டெடுத்த இரும்பு அளவுகோலை வைத்து, ஒவ்வொரு முக்கோணமும் அடி ஆறு, உயரம் எட்டு என்று வெட்டினார். வெட்டியதைத் துணியில் கவிழ்த்து ஈரம் வடித்தார்.

"ஏங்க, திங்கிற பொருள்தானே? அரை சென்டிமீட்டர் கூடினா யார் வழக்குப் போடப் போறாங்க?"

"அரை சென்டிமீட்டர்ல ஆரம்பிச்சதுதாம்மா எல்லா வழக்கும்."

இதை அவர் எந்த உறுத்தலும் இல்லாமல் சொன்னார். அக்கா நடைவழிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அலமாரி ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றேகால் மணிக்குக் கடைசி ஸ்ட்ராபெரி நடுவில் அமர்ந்தபோது, மூன்று பேரும் ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தார்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, கறுப்பு, மறுபடி சிவப்பு. ஜன்னல் வெயில் பட்டு ஒவ்வொரு வட்டமும் தனியாக மினுங்கியது. அக்காவுக்கு அந்த மனிதரின் மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது. இத்தனை பொறுமையை அவர் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று தெரியவில்லை.

"நல்லா இருக்குங்க."

"சரியா இருக்குன்னு சொல்லு."

பாசம் வந்த வேகத்தில் திரும்பிப் போயிற்று.

*

நான்கு மணிக்குத் தோட்டத்தில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். தெருச் சங்கத்தின் செயலாளர் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தார். கோடை என்பது வெப்பமான பருவம் என்ற அரிய உண்மையை அவர் விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பேர் நாற்காலியை நிழலுக்கு இழுத்துவிட்டார்கள்.

தம்பி சொன்னபடியே வந்தான். பின் கேட்டின் ஓரம், கையில் தண்ணீர்ப் புட்டி. அக்கா சமையலறை ஜன்னலிலிருந்து அவனைப் பார்த்தாள். சலவைச் சட்டை போட்டிருந்தான். கோபமாக இருக்கிறவன் இஸ்திரி போட்டுக்கொண்டு வர மாட்டான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"கிளம்பலாம்" என்றார் சர்வேயர்.

நடைவழியில் அலமாரி. ஆகவே தட்டு வெளியே போக ஒரே வழி, தோட்டத்துக்குத் திறக்கும் பின்கதவு. அதைச் சர்வேயர் முன்கூட்டியே அளந்திருந்தார். நிலைச் சட்டத்தின் அகலம் எண்பத்தொன்று. தட்டு எழுபத்தெட்டு. இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை. வரைபடத்தின் மூலையில் இதற்கென்று தனிப் படமே இருந்தது.

மகள் முன்னால் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தாள். சர்வேயர் பின்னால். அக்கா இருவருக்கும் இடையில், எதையும் பிடிக்காமல், எல்லாவற்றையும் பிடித்திருப்பவள் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

தட்டு வாசலுக்குள் பாதி போயிற்று. 'டொக்' என்று நின்றது.

"அழுத்தாதீங்கப்பா!"

"நான் எங்கம்மா அழுத்துறேன்?"

"கொஞ்சம் சாய்ச்சுப் பார்ப்போமா?" என்றாள் அக்கா.

அரை அங்குலம் சாய்த்தார்கள். பச்சை வட்டத்திலிருந்து ஒரு கிவித் துண்டு, ரொம்ப நாளாக விடுதலைக்குக் காத்திருந்தது போலச் சறுக்கிக்கொண்டு வந்து, விளிம்பைத் தாண்டி, படியில் விழுந்தது. தோட்டத்தில் யாரோ "அச்சச்சோ" என்றார்கள். செயலாளர் நிலைமையைப் புரிந்துகொண்டு, வரவேற்புரையின் முடிவுரையிலிருந்து மறுபடி தொடக்கத்துக்குப் போனார்.

தட்டைத் திரும்பவும் மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். சர்வேயர் நாடாவை எடுத்துச் சட்டத்தை அளந்தார். எண்பத்தொன்று. தட்டை அளந்தார். எழுபத்தெட்டு. மறுபடி சட்டம். மறுபடி தட்டு. எண்கள் மாறவில்லை. அவர் முகம்தான் மாறிக்கொண்டே வந்தது.

"எல்லாத்தையும் எடுத்து வெளியில வச்சு மறுபடி அடுக்கலாமே" என்றாள் மகள்.

"நானூத்திப் பன்னிரண்டு துண்டு. ரெண்டே முக்கால் மணி நேரம்." நெற்றி வேர்வையைத் துடைத்தார். தட்டிலும் வேர்க்கத் தொடங்கியிருந்தது. தர்பூசணியிலிருந்து ஒரு சிவப்புக் கோடு பப்பாளியை நோக்கிக் கிளம்பிவிட்டது.

"எண்பத்தொண்ணுல எழுபத்தெட்டு போகாதா? எந்த ஊர்க் கணக்கு இது?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார்.

கதவு பதில் சொல்லவில்லை. பதில் வெளியிலிருந்து வந்தது.

"கதவோட தடிமன் எங்க போச்சு, சார்?"

தம்பி எப்போது கேட்டிலிருந்து படிக்கட்டு வரை வந்தான் என்று யாருக்கும் தெரியாது. படிக்குக் கீழே, விழுந்து கிடந்த கிவிக்கு அந்தப் பக்கம், சரியாக வாசலுக்கு இரண்டு படி வெளியே நின்றான். அக்கா அந்த இரண்டு படியைக் கண்ணால் அளந்தாள்.

"கதவு உள்பக்கம் திறக்குது. பின்னாடி சிங்க் இருக்கிறதால முழுசா மடங்காது. அப்படியே வாசலுக்குள்ள நிக்குது. அதுக்கும் ஒரு தடிமன் உண்டுல்ல?"

சர்வேயர் கதவின் விளிம்பில் நாடாவை வைத்தார்.

நான்கு சென்டிமீட்டர்.

எண்பத்தொன்றில் நான்கு போனால் எழுபத்தேழு. இதைச் சொல்ல வரைபடம் வேண்டியதில்லை. ஆனால் சர்வேயர் அசையவில்லை. நாடாவின் அந்த நான்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி நடைவழியைப் பார்த்தார்.

அங்கே அலமாரி நின்றது. இடது பக்கப் பலகை இரண்டு சென்டிமீட்டர். வலது பக்கப் பலகை இரண்டு சென்டிமீட்டர்.

உள்ளே நூற்றிருபது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் அவர். பள்ளமும் நூற்றிருபது என்று அளந்தவர் அவர். முப்பத்திரண்டு வருடம் நிலத்தை அளந்த மனிதர். நிலத்தில் எல்லை என்பது ஒரு கோடு, கோட்டுக்குத் தடிமன் கிடையாது. பலகைக்கு உண்டு.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அந்த முகம் பழக்கமானது. வலித்தது பக்கத்துப் பல் என்பதை, ஒரு பல்லைப் பிடுங்கிய பிறகு தெரிந்துகொண்டவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. மகள் வாயைத் திறந்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அஞ்சு நிமிஷம்" என்றாள், உதட்டை மட்டும் அசைத்து. பதின்மூன்றாவது விதம்.

சர்வேயர் கண்ணாடித் தட்டுக்கு அடியிலிருந்து வரைபடத்தை உருவினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். சுவரில் தாளை வைத்து, நிதானமாக எழுதினார். அவர் மன்னிப்புக் கேட்டு அக்கா பார்த்ததில்லை. கேட்கத் தெரியாது என்பதல்ல. அதற்கான படிவம் அவரிடம் இல்லை. இப்போது அவரே ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்து, வாசல் வரை போய், தாளை வெளியே நீட்டினார். தம்பி வாங்கினான். அவன் படிக்கும்போது உதடு அசையும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அக்கா உதட்டைப் பார்த்தே படித்துக்கொண்டாள்.

'திருத்தம் ஒன்று: கதவின் தடிமன் 4 செ.மீ. விடுபட்டது. திருத்தம் இரண்டு: அலமாரியின் பக்கப் பலகைகள், இரண்டும் சேர்த்து 4 செ.மீ. விடுபட்டது. இரண்டு தவறும் அளவெடுத்தவருடையது. செய்தவருடையது அல்ல.'

தம்பி தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்.

"கையெழுத்து இருக்கு. சீல் இல்லையே?"

"சீலை ஆபீஸ்ல ஒப்படைச்சாச்சு" என்றார் சர்வேயர். "பால்காரர் வேணும்னா சாட்சிக் கையெழுத்துப் போடுவார். அன்னைக்கு இருந்தாரே."

தம்பி தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். சலவை மடிப்புக் கலையாமல் பையின் மேல் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு செருப்பைக் கழற்றினான். ஒரு படி. இன்னொரு படி. வலது காலை எடுத்து உள்ளே வைத்தான்.

அக்கா சட்டென்று திரும்பி, ஏற்கெனவே கழுவிய கத்தியை எடுத்து மறுபடி கழுவினாள்.

"கதவைக் கழட்டிடலாம். மூணே கீல்தான். பெயிண்ட் அடைச்சிருக்கு, சுரண்டணும்." தம்பி கீலை விரலால் தடவினான். "திருப்புளி இருக்கா? விருந்துக்குன்னு வந்ததால நான் எதுவும் கொண்டு வரல."

சர்வேயரிடம் இரண்டு நாடா, மூன்று அளவுகோல், ஒரு கோணமானி இருந்தன. எதையாவது கழற்றுகிற சாமான் மட்டும் ஒன்றும் இல்லை.

"இந்தாங்க மாமா" என்றாள் மகள்.

நாற்காலியில் மாட்டியிருந்த கைப்பையைத் திறந்து, சீப்பையும் வங்கி அடையாள அட்டையையும் ஒதுக்கிவிட்டு, ஒரு திருப்புளியை எடுத்துக் கொடுத்தாள். புதுசும் இல்லை. பிடியில் கைபட்டுக் கறுத்த, நன்றாகப் புழங்கிய திருப்புளி.

தம்பி அதை வாங்கிக்கொண்டான். ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் அக்கா கவனித்தாள். வங்கி அதிகாரியின் கைப்பையில் திருப்புளி இருப்பது ஒரு விஷயம். அவளுடைய மாமா அதைப் பார்த்து ஆச்சரியப்படாமல் இருப்பது வேறு விஷயம்.

"உனக்கெதுக்குடி இது?"

"தேவைப்பட்டுச்சே, இப்ப?" என்று சொல்லிவிட்டு மகள் தர்பூசணியின் ஈரத்தை ஒற்றப் போய்விட்டாள்.

தம்பி திருகாணியில் குனிந்துகொண்டான். "அத்தான், அந்தப் பக்கம் கதவைத் தாங்கிப் பிடிங்க. மேல் கீல் விட்டதும் சாயும்."

சர்வேயர் தாங்கிப் பிடித்தார். அவருக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கதவைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"இவ்வளவு இறுக்க வேண்டாம் அத்தான். ஓடிடாது."

"பிடிக்கச் சொன்னியே மாப்ளே."

"பிடிக்கத்தான் சொன்னேன். கட்டிப்பிடிக்கச் சொல்லல."

மகள் சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள். கத்தி மூன்றாவது முறையாகச் சுத்தமாயிற்று.

எட்டு நிமிடத்தில் கதவு சுவரோரம் சாய்ந்து நின்றது. வாசல் வாயைப் பிளந்துகொண்டு எண்பத்தொரு சென்டிமீட்டருக்கு நின்றது. இந்த முறை தம்பி முன்னால், சர்வேயர் பின்னால். இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை விட்டுத் தட்டு வெளியே போயிற்று.

"என் கணக்குச் சரிதான்" என்றார் சர்வேயர், அடக்க முடியாமல்.

"கதவு இல்லாத வீட்டுக்கு ரொம்பச் சரி."

"அந்த அலமாரியை என்ன பண்றது, மாப்ளே?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். ரெண்டு பக்கப் பலகையையும் எடுத்துட்டு, சட்டத்தைச் சுவரோட முடுக்கிடலாம். அளவு நானே எடுத்துக்கிறேன்."

சர்வேயர் ஏதோ சொல்ல வந்தார். தட்டின் கனம் வாயை மூட வைத்தது.

தோட்டத்தில் தட்டு இறங்கியதும் கூட்டம் எழுந்து வந்து சுற்றி நின்றது. செயலாளர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். அதற்கே ஒரு கைதட்டல் கிடைத்தது. ஏழு பேர் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் நாற்காலியில் ஏறி நின்று பிடித்தார். இவ்வளவு அழகாக இருப்பதை யார் முதலில் கலைப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா தம்பிக்குப் பக்கத்தில் நின்று, அவன் கொண்டுவந்திருந்த தண்ணீர்ப் புட்டியைப் பிடுங்கித் தானே குடித்தாள். வெயில் மரத்துக்கு அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. மகள் தூரத்தில் யாருடனோ ஃபோனில், "இல்ல, இன்னும் சொல்லல" என்று சொல்வது கேட்டது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கா விட்டுவிட்டாள். ஒரு நாளைக்கு ஒரு கதவுதான் கழற்ற முடியும்.

"மாப்ளே, நீதான் முதல்ல எடுக்கணும்" என்றார் சர்வேயர். அவர் குரலில் இரண்டு பக்கத் திறப்புரை தயாராக இருந்தது.

தம்பி மஞ்சள் வட்டத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். முப்பது பேரும் பார்த்தார்கள். மென்றான். விழுங்கினான்.

"எப்படி?"

தம்பி இன்னொரு துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். "நீங்களே பாருங்க அத்தான்."

சர்வேயர் வாயில் போட்டுக்கொண்டார்.

அன்னாசி புளித்தது.